சுட்டியில் இல்லாதது

படிவம் நாலு பக்கம்.
தகவல் சரியா: இருபது.
படங்கள்: பதினைந்து.
மொழி வாசிப்பவரின் வயதுக்கு ஏற்றதா: இருபது.
பொருளடக்கம், சுட்டி, பதித்த ஆண்டு,
எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு சதுரம்.
கதைப் புத்தகங்களை வேறு ஆட்கள் பார்க்கிறார்கள்.
எங்களுக்கு உண்மைகள்.

மல்லாவி நூலகத்தில் மின்விசிறி ஒன்றுதான்.
இயலரசி அதைத் தன் பக்கம் திருப்பிவிட்டு
விண்வெளியை எடுத்துக்கொண்டாள்.
"இதில இன்னும் ஒன்பது கிரகம் கிடக்கு," என்றாள்.
"ஒண்டை எப்பவோ கழிச்சாச்சு எண்டு
இவைக்கு ஆர் சொல்லுறது?"
ஐந்து போட்டாள். அதுவும் கூட என்றாள்.

எனக்கு விலங்குகளும் மண்ணும்.

யானைப் புத்தகம் பளபளத்த தாள்.
யானை சாதுவானது, குழந்தைகளின் நண்பன்.
நெற்றிப்பட்டம், மணி, ஒரு சீப்பு வாழைப்பழம்.
போன திங்கள் இரவு பாலிநகரில்
நண்பன் வந்து குசினிச் சுவரைச் சாய்த்து
இரண்டு மூட்டை விதைநெல்லும்
ஒரு பை உப்பும் தின்றுவிட்டுப் போனதை
எழுதப் படிவத்தில் இடமில்லை.
பதினொன்று போட்டேன்.

பிறகுதான் ஓரத்தில் பென்சிலைக் கண்டேன்.

இரண்டு வாரம் பிள்ளைகளிடம் இருந்து
திரும்பி வந்த புத்தகங்கள் இவை.
நூலில் எழுதினால் தண்டம் இருபது ரூபாய்.
அந்த அறிவித்தலை ஒட்டியவள் நான்.
அதற்குக் கீழிருந்த மேசையில்தான் இதையும் எழுதியிருக்க வேண்டும்:
"யானை கலைச்சா என்ன செய்யிறது எண்டு
ஒரு இடத்திலயும் போடேல்லை."

நான் பதினொன்றை வெட்டி ஏழாக்கினேன்.

பாம்புப் புத்தகத்தில் அதே சாய்ந்த எழுத்து.
அச்சில்: பாம்பு பால் குடிப்பதில்லை.
பென்சிலில்: "பொய். எங்கட கோயில் புற்றில குடிக்குது."
இந்தமுறை நான் புத்தகத்தின் பக்கம்.
அது கோயிலோடு சண்டைக்குப் போகவில்லை,
பிள்ளையை மடையர் ஆக்கவுமில்லை.
பாம்பின் நாக்கைப் பெரிதாகக் காட்டி
இதால் எப்படி உறிஞ்சும், யோசி, என்று விட்டிருந்தது.
பதினெட்டு.
பென்சிலுக்குக் கீழே நானும் கேட்டேன்:
குடித்ததைப் பார்த்தாயா, பாத்திரம் வெறுமையானதைப் பார்த்தாயா?

மண் புத்தகம் கடைசி.
எங்கள் பெட்டியில் அதுதான் நல்லது.
சின்ன வாக்கியங்கள். நீர்வண்ணப் படங்கள்.
பிழை தேடித் தேடிக் களைத்துப் போனேன்.
இருபத்துமூன்றாம் பக்கம், செய்து பார்:
உன் வீட்டு வளவில் ஓர் அடி தோண்டு.
கண்டவற்றை இந்த மூன்று பெட்டிகளில் வரை.

முதல் பெட்டியில் மண்புழு,
வளையம் வளையமாய், எண்ணிக் கீறியது.
இரண்டாவதில் ஏதோ வேர்.
மூன்றாவதில் சட்டைப் பொத்தான் ஒன்று,
நாலு துளை, ஒன்றில் மட்டும் நூல்.
பக்கத்தில் அடிமட்டம் வைத்து
தானே ஒரு நாலாவது பெட்டி போட்டிருந்தது பிள்ளை.
உள்ளே ஒன்றுமில்லை.
கீழே: "அம்மா மூடச் சொன்னவ. மூடிட்டம்."

தகவல் சரியா.
வயதுக்கு ஏற்றதா.
பேனை மூடியை நான் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன்.
இயலரசி எட்டிப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்காமல்
மின்விசிறியை என் பக்கம் திருப்பினாள்.

பரிந்துரை: தெரிவு செய்யலாம்.
குறிப்பு: 23ஆம் பக்கத்தில் ஒரு துண்டு ஒட்டவும்.
வளவில் தோண்ட முன் வீட்டில் கேள்.
இரும்பு தெரிந்தால் தொடாதே, நின்ற இடத்திலிருந்து கூப்பிடு.
இதை இங்கேயே அச்சடிக்கலாம், செலவு குறைவு.

மிச்சமிருந்தது சுட்டி. பத்து புள்ளி.
அகரவரிசை பிசகவில்லை.
பாசி, பாறை, புற்று, பூஞ்சை.
பூஞ்சைக்குக் கீழே கொஞ்சம் வெள்ளை.
பேனையை வைத்துவிட்டுப்
பென்சிலை எடுத்து எழுதினேன்:
பொத்தான், 23.